ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பாக்கெட்?



போன இதழில் உள்கடன் கணக்கு எழுதுவது எப்படின்னு பார்த்தோம். இந்த மாதம் தொழில் பாடம். உற்பத்தித்திறன், போட்டித்திறன், வியூகம் என்று மூன்று பெரிய வார்த்தைகளைச் சொல்லி, எழுதிக் கொடுங்கன்னு கூட்டமைப்பு அலுவலகத்தில் சொன்னாங்க. வார்த்தை பெரிசா இருக்கேன்னு பயப்பட வேண்டாம். மூன்றும் நம்ம அப்பளக் கட்டுக்குள்ளேயே இருக்கு.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். நான் சமூகப்பணி படித்தவள். கூட்டம் நடத்த, பிரச்சனையைக் கேட்க, வங்கி மேலாளரிடம் பேச எனக்குத் தெரியும். தொழில் நடத்திப் பழக்கம் கிடையாது. அந்தப் பழக்கம் இல்லாததால் ஒரு குழுவுக்கு நஷ்டம் வந்தது. எந்தக் குழு, எந்த ஊர்னு சொல்லவில்லை. அவங்க சம்மதத்தோடுதான் எழுதுறேன். கணக்கு புரிவதற்காக எண்களை மட்டும் கொஞ்சம் முழுசா ஆக்கியிருக்கேன்.

அந்தக் குழுவில் ஆறு பேர் சேர்ந்து உளுந்து அப்பளம் போடுறாங்க. வங்கிக் கடன் வாங்க நான்தான் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தேன். உளுந்து மாவு இவ்வளவு, உப்பு, சீரகம், அப்பளக்காரம் இவ்வளவு, கவர் இவ்வளவு, விற்பனை இவ்வளவு, லாபம் இவ்வளவு. பார்க்க அழகா இருந்தது. கடன் கிடைத்தது. எட்டு மாதம் கழித்துப் போனால் மூன்று தவணை பாக்கி. குழுத்தலைவி அக்கா வாசலில் உட்கார்ந்து, "மேடம், அப்பளம் விக்குது. காசு நிக்கல. நாங்க எங்க தப்பு பண்றோம்னே தெரியல" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு அக்கா நேராகவே கேட்டுட்டாங்க: "நான் களை எடுக்கப் போனா அரை நாள்ல வர்ற கூலி இங்க மூணு நாள் தேய்ச்சாலும் வர்றதில்ல. நான் ஏன் இதுல இருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கே போய், கையில் ஒரு நோட்டும் கடிகாரமுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தேன். சாயந்திரம் வரை எதுவும் பேசவில்லை. யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்று மட்டும் எழுதினேன். திட்ட அறிக்கை எழுதும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது.

அன்றைய கணக்கு இதுதான்.

ஆறு பேரும் ஒன்பது மணிக்கு வந்தாங்க, ஐந்து மணிக்குப் போனாங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் போக, ஆளுக்கு 7 மணி நேரம். ஆறு பேருக்கு 42 மணி நேரம். போட்ட மாவு 10 கிலோ. 100 கிராம் பாக்கெட்டாக 100 பாக்கெட் தேறணும். விற்கிற மாதிரி தேறியது 84. மீதி உடைசல், ஓரம் பிய்ந்தது, சின்னதும் பெரிசுமாகப் போனது.

கடைக்கு பாக்கெட் 30 ரூபாய் வீதம் 84 பாக்கெட்டுக்கு 2,520 ரூபாய். செலவு: மாவு 1,500. உப்பு, சீரகம், காரம், எண்ணெய் 120. கவர், லேபிள் பாக்கெட்டுக்கு ஒன்றரை ரூபாய் வீதம் 126. அரவை, கரண்ட், ஆட்டோ 150. இட வாடகை 50. கடன் வட்டி நாள் கணக்குக்கு 74. மொத்தம் 2,020. கையில் நின்றது 500 ரூபாய்.

நான் அறிக்கையில் அந்த 500 ரூபாயை "லாபம்" என்று எழுதியிருந்தேன். அது லாபமே இல்லை. ஆறு பெண்களின் ஒரு நாள் உழைப்புக்கான கூலி அது. 42 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 12 ரூபாய்கூட வரவில்லை. ஆளுக்கு 83 ரூபாய். களை எடுக்கப் போறேன்னு சொன்ன அக்காவுடைய கணக்குதான் சரி, என்னுடைய கணக்குதான் தப்பு. நாம எல்லாருமே செய்கிற தப்பு இது. மாவுக்கு விலை போடுவோம், கவருக்கு விலை போடுவோம், நம்ம கைக்கு விலை போட மாட்டோம். வீட்டில் சமைக்கிற மாதிரி இதுவும் சும்மா வருகிற வேலைன்னு மனசுக்குள் ஒரு பழக்கம்.

இப்போ உற்பத்தித்திறன் என்றால் என்னன்னு சொல்லிடலாம். கிடைத்ததை, அதுக்காகப் போட்டதால் வகுப்பது, அவ்வளவுதான். 84 பாக்கெட்டை 42 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு ஆள், ஒரு மணி நேரத்துக்கு 2 பாக்கெட். இது உழைப்பின் உற்பத்தித்திறன். 10 கிலோ மாவுக்கு 84 பாக்கெட் என்பது மாவின் உற்பத்தித்திறன். நிறைய உற்பத்தி என்பது வேறு, உற்பத்தித்திறன் என்பது வேறு. இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து 112 பாக்கெட் போட்டால் உற்பத்தி கூடும். மணிக்கு 2 பாக்கெட் என்பது அப்படியேதான் இருக்கும். ஆளுக்கு வருகிற காசும் பெரிசா கூடாது.

அடுத்ததாக, "அப்போ இன்னும் வேகமா தேய்க்கணுமா மேடம்?" என்று கேட்டாங்க. இங்கேதான் என்னுடைய இரண்டாவது தப்பும் வெளியே வந்தது.

கடன் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு அப்பளம் அழுத்துகிற மெஷின் வாங்கச் சொன்னதும் நான்தான். தேய்ப்பதுதானே கஷ்டமான வேலை, கை வலிக்குது, தோள் வலிக்குதுன்னு சொல்றாங்களே, அதுக்கு மெஷின் வந்தால் எல்லாம் வேகமாகும் என்று நினைத்தேன். நோட்டைப் பார்த்தால் கதையே வேறு.

மாவு மில்லிலிருந்து வந்து சேர்ந்ததே 9.50க்கு. அதுவரைக்கும் ஆறு பேரும் சும்மா. ஆறு பேருக்கும் ஐம்பது நிமிடம்னா 300 நிமிடம். அப்புறம் மாவு பிசைந்து, ஒரே ஒரு உரலில் இரண்டு பேர் மாறி மாறி இடிக்கிறாங்க. முதல் உருண்டை வெளியே வரும்போது மணி 11. அந்த 70 நிமிடம் மீதி நாலு பேர் கவர் மடிக்கிறதும் ஊர்க்கதை பேசுறதுமாக இருந்தாங்க. அது 280 நிமிடம். இரண்டையும் கூட்டினால் 580 நிமிடம், அதாவது ஒன்பதரை மணி நேரத்துக்கும் மேல். 42 மணி நேரத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு வேலை இல்லாமலே போச்சு. யாரும் சோம்பேறி இல்லை. வேலை அவங்க கைக்கு வந்து சேரவில்லை.

அதுக்கப்புறமும் மெஷின் பாதி நேரம் காத்துக்கொண்டுதான் இருந்தது. உரலில் இருந்து மாவு வந்தால்தானே அழுத்தறதுக்கு? வாய்க்காலில் ஒரு இடத்தில் மண் சரிந்து தண்ணி சொட்டுச் சொட்டா வருதுன்னு வைங்க. அந்த இடத்துக்குக் கீழே மடையை எவ்வளவு அகலமா வெட்டினாலும் வயலுக்குத் தண்ணி கூடுமா? மண் சரிந்த இடத்தைத்தான் வெட்டணும். அந்தக் குழுவில் மண் சரிந்த இடம் உரல். நான் அதுக்குக் கீழே கடன் வாங்கி மடையை அகலப்படுத்தியிருக்கேன். இதைத் தொழில் படித்தவர்கள் தடை இடம் என்பார்கள். காசைப் போடும் முன்னால் தடை இடம் எதுன்னு பார்க்கணும்.

சரி செய்யச் செலவே ஆகவில்லை. ஒரு அக்கா வீட்டுக் கொல்லையில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றி வைத்திருந்த பழைய கல் உரலைக் கழுவித் தேய்த்து எடுத்து வந்தாங்க. மாவை முந்தின நாள் சாயந்திரமே அரைத்துச் சலித்து வைத்தாங்க. பிள்ளைகள் வளர்ந்து, காலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிற வேலை இல்லாத இரண்டு பேர் ஏழரைக்கே வந்து மாவு பிசைந்து இடிக்க ஆரம்பிப்பாங்க, ஒன்றரைக்குக் கிளம்பிடுவாங்க. மற்ற நாலு பேர் ஒன்பது மணிக்கு வரும்போது உருண்டை தயாரா இருக்கும், மூன்று மணிக்கு முடிச்சுடுவாங்க.

உடைசல் விஷயத்தையும் பார்த்தோம். தினமும் ஒவ்வொருத்தர் பிசைவதால் ஒரு நாள் மாவு இறுக்கம், ஒரு நாள் இளக்கம். தண்ணிக்கு ஒரு டம்ளர் அளவு வைத்து, அதையே எல்லாரும் பிடிக்கணும்னு முடிவானது. அளவு ஒரே மாதிரி வர ஒரு எவர்சில்வர் டப்பா மூடியை வைத்துப் பார்த்தாங்க. முறத்தில் அடுக்கி மாடிப்படி ஏறி மொட்டைமாடி வெயிலில் மொறமொறன்னு காய வைத்ததை நிறுத்தி, கீழேயே கட்டிலில் துணி விரித்து, வளைத்தால் வளைகிற பதத்தில் எடுத்தாங்க. அப்பளம் அதிகம் காய்ந்தால் அடுக்கும்போதே நொறுங்கும். கொஞ்சம்கூடக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும், என்னால் எழுதிக் காட்ட முடியாது.

மூன்று வாரம் கழித்து மறுபடி நோட்டோடு போனேன். ஆறு பேருக்கும் சேர்த்து 34 மணி நேரம். அதே 10 கிலோவுக்கு 94 பாக்கெட். மணிக்கு 2 பாக்கெட்டாக இருந்தது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் ஆகியிருந்தது. வரவு 2,820, செலவு 2,035, கையில் 785. மணிக்கு 23 ரூபாய். யாரும் கூடுதலா கஷ்டப்படவில்லை, சீக்கிரமாகவே வீட்டுக்குப் போனாங்க.

கஷ்டப்படுத்தித்தான் உற்பத்தித்திறனைக் கூட்ட முடியும்னு நினைக்கிறவங்களுக்காக ஒன்று சொல்றேன். அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனி 1913-ல் காரின் அடிச்சட்டத்தை நகர்கிற வரிசையில் வைத்துக் கோர்க்க ஆரம்பித்தது. 12 மணி நேரத்துக்கு மேல் ஆன வேலை சில மாதங்களில் ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. இதை எல்லாப் புத்தகமும் சொல்லும். ஆனால் ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்ய முடியாமல் ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்தாங்க. 1914-ல் வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்து, தினக்கூலியை 5 டாலர் வரை உயர்த்தின பிறகுதான் ஆள் நின்றது. வேகத்தால் வந்த ஆதாயத்தில் கைக்கும் பங்கு வரணும். வராவிட்டால் களை எடுக்கப் போயிடுவாங்க.

மணிக்கு 23 ரூபாய் என்பது போதுமா? போதாது. உள்ளே சரி செய்ய வேண்டியதைச் செய்தாச்சு. இனி வெளியே பார்க்கணும். போட்டித்திறன் இங்கேதான் வருது.

கடையில் நம்ம பாக்கெட் பக்கத்தில் டவுனிலிருந்து வருகிற பாக்கெட் தொங்குது. விலை 22 ரூபாய். பளபளன்னு கவர். அதில் மைதா கலந்திருக்கு. "நாமும் பாதி மைதா கலந்து 22-க்கே கொடுக்கலாமே" என்று ஒரு அக்கா சொன்னாங்க. "சாப்பிடுறவங்களுக்கு என்ன தெரியப்போகுது?" இதில் குழுவே இரண்டாகப் பிரிந்தது. இரண்டு கூட்டம் சண்டையிலேயே முடிந்தது. தவணை கட்ட வேண்டிய நெருக்கடியில் பேசுறவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது கூட்டத்துக்கு லிஜ்ஜத் அப்பளத்தின் கதையை எடுத்துக்கொண்டு போனேன். உங்களுக்கும் சொல்றேன்.

1959 மார்ச் 15. பம்பாயில் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்து மொட்டைமாடி. ஏழு பெண்கள், குஜராத்திக் குடும்பத்துக்காரர்கள், 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் போட்டாங்க. முதல் நாள் 4 பாக்கெட். ஒரு வியாபாரியிடம் கொடுத்தாங்க. நன்கொடை வாங்கக் கூடாதுன்னு அப்போதே முடிவு. ஆரம்பத்தில் இரண்டு தரம் போட்டாங்க, ஒன்று நல்லது, இன்னொன்று மலிவு. அவங்களுக்கு வழிகாட்டியாக இருந்த சகன்லால் கரம்சி பாரேக் என்ற பெரியவர், மலிவுத் தரத்தை விட்டுவிடுங்கள், ஒரே தரம் போடுங்கள், அதில் ஒருநாளும் குறை வைக்காதீர்கள் என்றார். முதல் வருஷ விற்பனை 6,196 ரூபாய். 1966-ல் சங்கமாகப் பதிவு செய்தாங்க. இன்று 45 ஆயிரம் பெண்களுக்கு மேல் அதில் உறுப்பினர்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான ஜஸ்வந்திபென் ஜம்நாதாஸ் போபட் அவர்களுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவங்க வேலை நடக்கிற விதத்தைக் கவனிங்க. மாவு பிசைவது கிளையில், ஒரே இடத்தில். பொருள் வாங்குவதும் மொத்தமாக, ஒரே இடத்தில். தேய்ப்பது மட்டும் அவரவர் வீட்டில். காலையில் மாவு வாங்கிப் போய், தேய்த்துக் காய வைத்து, மறுநாள் கொண்டு வந்து கொடுத்து, அளவுக்கேற்ற கூலியை வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொண்டு வரும்போது தரம் பார்ப்பாங்க. ஏன் இப்படி? ருசி மாறக்கூடாதுன்னா மாவு ஒரே கையில் இருக்கணும். பெண்கள் வரணும்னா வேலை வீட்டுக்குப் போகணும். பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே தேய்க்கலாம், ஆனால் பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே பதம் பிடிக்க முடியாது. எந்த வேலை எங்கே நடக்கணும் என்ற இந்த முடிவைத்தான் வியூகம்னு சொல்றாங்க. சண்டைக்குப் போகிற வியூகம் இல்லை. எதில் நிற்கப்போகிறோம், எதை விடப்போகிறோம் என்று தெளிவாகத் தீர்மானிப்பது.

கதையைக் கேட்டு முடித்ததும் மைதா அக்கா சொன்னது: "அவங்க பம்பாய்ல இருந்தாங்க மேடம். நமக்கு இங்க யாரு 30 ரூபா கொடுத்து வாங்குவா?" நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் கதையில் இல்லை, சந்தையில்தான் இருக்கு. அவங்களையே அனுப்பினோம். இரண்டு பேராகப் போய் ஒரு வாரம் விசாரித்தாங்க. மளிகைக் கடைக்காரருக்கு விலைதான் முக்கியம். கல்யாணச் சமையல் எடுக்கிறவருக்கு அப்படி இல்லை. எண்ணெயில் போட்டால் ஒரே அளவில் பொரியணும், எண்ணெய் அதிகம் குடிக்கக் கூடாது, சொன்ன தேதிக்கு வந்து சேரணும். பள்ளிக்கூட ஆசிரியர்களும், அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவங்களும் சுத்தமான உளுந்துன்னா நேரில் வாங்கத் தயார். அந்த இடங்களில் 22 ரூபாய் பாக்கெட் நமக்குப் போட்டியே இல்லை.

விலையில் நம்மால் ஜெயிக்க முடியாது. அவங்க உளுந்தை லாரியில் வாங்குறாங்க, நாம சாக்கில் வாங்குறோம். சுத்தம், ஒரே அளவு, சொன்ன தேதி, இந்த மூன்றில் ஜெயிக்க முடியும். மைதா வேண்டாம்னு தீர்மானம் எழுதினாங்க. அந்த அக்காவும் கையெழுத்துப் போட்டாங்க. "சந்தைக்குப் போய் பாத்ததால போடுறேன், நீங்க சொன்னதுக்காக இல்ல" என்று சொல்லிட்டுத்தான் போட்டாங்க.

இப்போ 94 பாக்கெட்டில் 60 கடைக்குப் போகுது, 34 நேரடியாக 38 ரூபாய்க்குப் போகுது. வரவு 3,092. செலவு அதே 2,035. கையில் 1,057. மணிக்கு 31 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு நேரமோ அதைப் பார்த்துப் பிரிக்கிறாங்க. பாக்கியிருந்த மூன்று தவணையில் இரண்டைக் கட்டிட்டாங்க.

எல்லாம் சரியாகிவிட்டதுன்னு சொல்ல மாட்டேன். களை எடுக்கப் போறேன்னு சொன்ன அக்கா நிஜமாகவே போயிட்டாங்க. அவங்களுக்கு அன்றன்றைக்குக் கையில் காசு வேணும், வாரத்துக்கு ஒருமுறை பிரிக்கிற காசு உதவாது. லிஜ்ஜத்தில் தேய்த்த அளவுக்கு உடனுக்குடன் கூலி கொடுக்கிற முறை எவ்வளவு பெரிய விஷயம்னு அப்போதான் எனக்கு உறைத்தது. மெஷினுக்கான கடன் இன்னும் ஓடுது. மாவு விலையும் நம்ம கையில் இல்லை. டெல்டா பக்கம் நெல் அறுத்த வயலில் போடுகிற உளுந்து மாசி, பங்குனியில் அறுவடைக்கு வரும். அப்போது ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து கூட்டமைப்பு மூலம் மொத்தமாக வாங்கி வைக்கலாமான்னு அடுத்த செயற்குழுவில் பேசப்போகிறோம். அப்பளம், வடகம், இட்லிப்பொடி போடுகிற குழுக்கள் உங்கள் தேவை எத்தனை மூட்டைன்னு எழுதிக் கொடுங்க.

ஐப்பசி, கார்த்திகைக்கு என்ன செய்வது என்பதும் பாக்கி. லிஜ்ஜத் பெண்களும் முதல் வருஷ மழையில் நாலு மாதம் நிறுத்திட்டாங்க. மறு வருஷம் ஒரு கட்டிலையும் அடுப்பையும் வாங்கினாங்க. கட்டில் மேல் அப்பளம், கட்டிலுக்குக் கீழே அடுப்பு. வேலை நிற்கவில்லை. நம்ம குழுவில் இதைச் சொன்னதும், "ஓலைக் கொட்டாயில அடுப்பு வெச்சா தீப்பிடிக்கும் மேடம்" என்றாங்க. அதுவும் சரிதான். ஓட்டு வீடு உள்ள ஒரு உறுப்பினரின் தாழ்வாரத்தில் புரட்டாசிக் கடைசியில் இரண்டு கிலோ மாவு போட்டுச் சோதித்துப் பார்க்கிறதா இருக்கோம்.

வீட்டுப்பாடம்: அப்பளம்தான்னு இல்லை, தையல், பால், சாம்பிராணி, கூடை எதுவாக இருந்தாலும் சரி. ஒரு நாள் ஒருத்தர் மட்டும் வேலை செய்யாமல் கடிகாரத்தோடு உட்கார்ந்து எழுதுங்க. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எவ்வளவு தேறியது, எவ்வளவு வீணானது, யார் எதற்காகக் காத்திருந்தாங்க. எழுதத் தெரியாத குழுவில் பள்ளிக்கூடம் படிக்கிற பெண்பிள்ளை யாரையாவது சனிக்கிழமை உட்கார வையுங்க. அந்த நோட்டை மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க. வகுத்துப் பார்ப்பதைச் சேர்ந்து செய்வோம்.